பழைய சாடி மண்ணை எறியலாமா?



பங்குனி பிறந்து குளிர் சற்றுத் தணிந்ததும், இலண்டன் மாநகரில் எம்மவர் வாழும் தொடர்மாடிகளின் பின்புறத்தில் ஆண்டுதோறும் ஒரு காட்சியைக் காணலாம். குப்பைத் தொட்டிகளின் அருகே கறுத்த மண் நிறைந்த பைகள் வரிசையாகக் கிடக்கும். சென்ற கோடையில் மிளகாயும் தக்காளியும் காய்த்த சாடிகளிலிருந்து கொட்டப்பட்ட மண் அது. அதே வாரத்தில் அதே வீட்டினர் கடைக்குச் சென்று 40 லீற்றர் பைகள் இரண்டையோ மூன்றையோ வாங்கி, மூச்சு வாங்க மாடிப்படிகளில் சுமந்து ஏறுவர். கீழே எறிந்ததும் மேலே சுமந்ததும் பெரும்பாலும் ஒரே பொருளே என்பதை எண்ணிப் பார்ப்போர் சிலரே.

புலம்பெயர்ந்த எழுத்தில் மண், வேர் என்னும் சொற்கள் அடிக்கடி உவமையாக வருகின்றன. இக்கட்டுரையில் மண் என்பது மண்ணே. சாடியில் இருக்கும், கையில் ஒட்டும் மண். அதனை எறியலாகாது, புதுப்பித்துப் பயன்படுத்த வேண்டும் என்பதும், அப்பணியைப் பிள்ளைகளுடன் சேர்ந்து செய்ய வேண்டும் என்பதுமே எனது கருத்து.

பையில் இருப்பது யாது?

இந்நாட்டில் ‘கொம்போஸ்ட்’ என்னும் சொல் இரு பொருளில் வழங்குகின்றது. வீட்டுக் கழிவும் இலைசருகும் உக்கி உண்டாகும் கூட்டெரு ஒன்று. சாடிகளில் நிரப்புவதற்கெனக் கடையில் பையில் விற்கப்படும் கலவை மற்றொன்று. இவ்விரண்டும் வேறு. பையில் உள்ள கலவையில் உண்மையான மண் பெரும்பாலும் இருப்பதில்லை. பீற் எனப்படும் முற்றா நிலக்கரி, மரத்தும்பு, மரப்பட்டைத் துண்டுகள், தென்னந்தும்புத் தூள், உக்கிய தோட்டக் கழிவு ஆகியவற்றுள் சில கலந்து, அளவாகப் பசளையும் இடப்பட்டிருக்கும். நாம் பேச்சு வழக்கில் அதனையே சாடி மண் என்கின்றோம். இங்கும் அவ்வாறே குறிப்பிடுகின்றேன்.

இக்கலவைகளுக்கு ஒரு வரலாறு உண்டு. அது எம்மவர் பலர் வாழும் தென் இலண்டனிலேயே நிகழ்ந்தது. மேட்டன் பகுதியில் நிலபுலங்களுடன் வாழ்ந்து 1904 இல் மறைந்த ஜோன் இன்னெஸ் என்பவர் விட்டுச் சென்ற செல்வத்தைக் கொண்டு, 1910 இல் அங்கு ஒரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. அக்காலத்தில் தோட்டக்காரர் ஒவ்வொரு செடிக்கும் ஒவ்வொரு கலவையைத் தயாரித்து வந்தனர். 1930களில் அந்நிலையத்தைச் சேர்ந்த வில்லியம் லோறன்ஸ், ஜோன் நியுவெல் ஆகிய இருவரும் பல சோதனைகளின் பின், வெப்பமூட்டித் தொற்று நீக்கிய இருவாட்டி மண் 7 பங்கு, பீற் 3 பங்கு, பருமணல் 2 பங்கு என்ற அளவைக் கண்டனர். அளவான பசளையும் சுண்ணாம்பும் சேர்ந்த இக்கலவை பலவகைச் செடிகளுக்கும் பொதுவாகப் பொருந்தியது. அம்முறை எவருக்கும் தனியுரிமையாக்கப்படவில்லை. இன்றும் கடைகளில் ஜோன் இன்னெஸ் என்று எழுதிய பைகளைக் காண்கின்றோமே, அது ஒரு கம்பனியின் பெயரன்று. ஒரு செய்முறையின் பெயர். அந்நிலையம் பின்னர் மேட்டனை விட்டு நீங்கி இப்போது நொறிச் நகரில் உள்ளது. அவர் பெயரால் அமைந்த பூங்கா மேட்டனில் இருக்கின்றது. பெற்றோர் ஒருநாள் பிள்ளைகளை அங்கு அழைத்துச் செல்லலாம்.

ஓராண்டில் நிகழ்வது

ஒரு பருவம் பயிர் செய்தபின் சாடி மண்ணுக்கு என்ன நேர்கின்றது? முதலாவது, பசளை தீர்கின்றது. கடைப் பையில் இடப்பட்ட பசளை பொதுவாக 4 முதல் 6 வாரங்கள் வரையே போதும். ஆகவே வைகாசியில் நட்ட மிளகாய்க்கு ஆடி மாதத்தில் உணவு இருப்பதில்லை. பயிர் உண்டது பாதி. நாம் ஊற்றிய நீரோடு சாடியின் துளை வழியே ஒழுகிப் போனது மீதி. புதிய மண்ணும் கோடை முடியுமுன்னரே பழைய மண்ணாகி விடுகின்றது என்பதே இதன் பொருள். புதிய பை வாங்கியவரும் பசளை இட்டே ஆக வேண்டும்.

இரண்டாவது, மண் இறுகுகின்றது. கலவையில் உள்ள தும்பும் பட்டையும் உக்கித் துகளாகும்போது அவற்றின் இடையே இருந்த காற்றுவெளி குறைகின்றது. வேருக்கு நீரைப் போலவே காற்றும் வேண்டும். நீர் தேங்கிக் காற்று அற்ற மண்ணில் வேர் அழுகும். மூன்றாவது, நன்றாக உலர்ந்துபோன மண் நீரை ஏற்க மறுக்கின்றது. மேலே ஊற்றும் நீர் பக்கவாட்டில் ஓடிச் சாடியின் அடியால் வெளியேற, நடுவிலுள்ள மண் தூளாகவே கிடக்கும். நான்காவது, இலண்டனின் குழாய்நீர் சுண்ணாம்பு மிகுந்த கடினநீர். ஆண்டுக்கணக்கில் அதனை ஊற்றி வரும்போது மண்ணில் காரத்தன்மை ஏறும். சற்று அமிலத்தன்மையை விரும்பும் கறிவேப்பிலையின் இலைகள் வெளிறுவதற்கு இதுவும் ஒரு காரணம். மழைநீரைப் பிடித்து ஊற்றுவோர் இதனைத் தவிர்க்கலாம்.

இந்நான்கு குறைகளும் தீர்க்கத் தக்கவையே. உணவு குறைந்தால் உணவிடலாம், இறுகினால் இளக்கலாம், உலர்ந்தால் ஊறவைக்கலாம். பசித்தவனைப் பிணமென்று எண்ணிப் புதைப்பார் உண்டோ? பசித்த மண்ணை மட்டும் ஏன் எறிகின்றோம்?

சதுப்பு நிலத்தின் இழப்பு

பை மலிவாகக் கிடைப்பதால் அதன் உண்மை விலை எமக்குத் தெரிவதில்லை. பீற் என்பது நீர் தேங்கிய சதுப்பு நிலங்களில் பாசியினங்கள் முற்றாக உக்காமல் படிந்து உண்டாவது. அது ஆண்டுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீற்றர் மட்டுமே வளர்கின்றது. அவ்வாறாயின் 30 சென்ரிமீற்றர் ஆழமுள்ள ஒரு சாடியின் உயரத்துக்குப் பீற் படிவதற்கு 300 ஆண்டுகள் செல்லும். நாம் அதனை ஒரு கோடையில் பயன்படுத்தி, மறு பங்குனியில் குப்பைத் தொட்டியருகே வைக்கின்றோம்.

உலகின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 3 சதவீதமே ஆன இச்சதுப்பு நிலங்கள், உலகின் காடுகளில் உள்ள மரங்கள் யாவும் சேர்த்து வைத்திருப்பதிலும் கூடுதலான காபனைத் தம்முள் அடக்கியுள்ளன. அவற்றை வடித்து அகழும்போது அக்காபன் காபனீரொட்சைட்டாக வளியில் கலக்கின்றது. இந்நாட்டில் விற்கப்படும் பீற்றில் பெரும்பகுதி அயர்லாந்திலிருந்தும் போல்ற்றிக் நாடுகளிலிருந்தும் வருவது. வீட்டுத் தோட்டக்காரருக்குப் பீற் விற்பதை இங்கிலாந்தில் 2024 ஆம் ஆண்டுக்குள் நிறுத்தப் போவதாக அரசு 2022 இல் அறிவித்தது. 2024 முடிந்தபோது அதற்கான சட்டம் நிறைவேறியிருக்கவில்லை. எனவே முடிவு எமது கையிலேயே இருக்கின்றது.

பீற் இல்லாத பைகளை வாங்கினால் போதாதா என்று வினவலாம். வாங்குவது நன்று, நானும் அதனையே சொல்வேன். எனினும் அதுவும் வெறும் காற்றிலிருந்து வருவதன்று. அதில் கலக்கும் தும்புத்தூள் குருநாகல், புத்தளம் போன்ற இலங்கையின் தென்னை மாவட்டங்களிலிருந்தும், தமிழ்நாட்டின் பொள்ளாச்சி போன்ற இடங்களிலிருந்தும் வருகின்றது. தேங்காய் மட்டையை அடித்துத் தும்பைப் பிரித்தபின் எஞ்சும் தூளை, அதன் உப்பு நீங்கப் பல முறை நீரில் கழுவி, உலர்த்தி, கட்டியாக அழுத்திக் கப்பலேற்றுகின்றனர். எமது ஊர்ப் பக்கத்து நீரும் உழைப்பும் கலந்து வந்த பொருளை ஒரே பருவத்தில் எறிவது முறையாகுமா?

எமது முன்னோர் செய்தது

யாழ்ப்பாணக் குடாநாட்டின் செம்மண் சுண்ணாம்புக் கற்பாறையின் மேல் படிந்த ஆழம் குறைந்த மண். அம்மண்ணில் தலைமுறை தலைமுறையாக வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் விளைந்தன. மண் களைத்துவிட்டது என்று எவரும் அதனை அள்ளி எறியவில்லை. பூவரசங் குழையை வெட்டித் தாழ்த்தனர். ஆட்டுப்பட்டியும் மாட்டுப்பட்டியும் மாற்றி மாற்றி அடைத்தனர். வேலியில் இருந்து கழித்த பழைய பனையோலையையும் வீணாக்காது தோட்டத்தில் புதைத்தனர். இன்று வெங்காயம் நட்ட தறையில் நாளை வேறு பயிர் என மாற்றி நட்டனர். மண்ணைப் புதுப்பித்தல் அவர்களுக்கு ஆண்டுதோறும் வரும் கடமை.

திருக்குறளின் 104 ஆவது அதிகாரமாகிய உழவில், உழுதல், எருவிடுதல், களை எடுத்தல், நீர் பாய்ச்சுதல், காத்தல் ஆகிய ஐந்தையும் வள்ளுவர் ஒரே குறளில் எண்ணுகின்றார். உழுவதிலும் எருவிடுதல் மேல், நீர் பாய்ச்சுவதிலும் காத்தல் மேல் என்பது அவர் கருத்து. எமது மாணவர் அக்குறளை மனனம் செய்து மேடையில் ஒப்புவிக்கின்றனர், பரிசும் பெறுகின்றனர். ஆயினும் எரு எப்படி இருக்கும், களைக்கும் பயிருக்கும் வேறுபாடு யாது என்று கேட்டால் விழிக்கின்றனர். அது பிள்ளைகளின் குற்றமன்று. பழைய சாடி மண்ணைப் புதுப்பிக்கும் வேலையில் அவ்வைந்து தொழில்களும் அடங்கியுள்ளன. ஒரு பல்கனியே அதற்குப் போதும்.

புதுப்பிக்கும் முறை

ஒரு படங்கை விரித்துச் சாடியைக் கவிழ்க்க வேண்டும். பழைய வேர்களையும் தண்டுகளையும் பொறுக்கி, கட்டிகளைக் கையால் உடைக்க வேண்டும். மெல்லிய வேர்கள் இருந்தால் கேடில்லை. அவை உக்கி எருவாகும். இவ்வேளையில் மண்ணைக் கூர்ந்து நோக்குதல் இன்றியமையாதது. கால்களின்றி, வளைந்த உடலும் கபில நிறத் தலையும் கொண்ட வெள்ளைப் புழுக்கள் காணப்படின், அவை வேரைத் தின்னும் கூன்வண்டின் குடம்பிகள். அவற்றைப் பொறுக்கி அழிக்க வேண்டும். மண்ணைப் படங்கில் மெல்லியதாகப் பரப்பி வைத்தால் பறவைகளும் உதவும். மண்புழுவைக் கண்டு பிள்ளைகள் அஞ்ச வேண்டியதில்லை, அது நண்பன்.

மண் உலர்ந்து தூளாக இருப்பின், நீர் தெளித்து ஓரிரவு மூடி வைக்க வேண்டும். பின்னர் பழைய மண் இரண்டு வாளிக்குப் புதிய மண்ணோ வீட்டில் உக்கிய கூட்டெருவோ ஒரு வாளி என்ற அளவில் கலக்கலாம். உக்கிய இலைச்சருகும் நன்று. மிகவும் இறுகிய மண்ணாயின் பருமணலோ பேர்லைற்றோ ஒரு பிடி சேர்த்தால் நீர் வடியும். இறுதியாக, கோழியெருக் குறுணியையோ மெதுவாகக் கரையும் பசளையையோ பெட்டியில் குறித்த அளவில் இட வேண்டும். அளவை மீறினால் வேர் கருகும். மரத்தும்பு மிகுந்த கலவை உக்கும்போது நைதரசனைத் தானே பிடித்துக் கொள்வதால், அவ்வகை மண்ணுக்கு இப்பசளை கட்டாயம் தேவை. தக்காளியும் மிளகாயும் காய்க்கத் தொடங்கியபின் பொற்றாசியம் மிகுந்த திரவப் பசளையை வாரம் ஒருமுறை ஊற்றலாம்.

மாணவர்களுக்கு ஒரு கணக்கு. 12 லீற்றர் கொள்ளும் சாடிகள் 6 உள்ள வீட்டுக்கு 72 லீற்றர் மண் வேண்டும். எல்லாம் புதிதாயின் 40 லீற்றர் பைகள் 2 வாங்க வேண்டும். மூன்றில் ஒரு பங்கு மட்டும் புதிதாயின் 24 லீற்றர் போதும்; ஒரு பை வாங்கினால் 16 லீற்றர் மிஞ்சும். அந்த மிச்சத்தை விதை முளைக்க வைப்பதற்கு வைத்துக்கொள்ளுங்கள். ஏனெனில் இளநாற்றுக்குப் பழைய மண் ஆகாது. அதில் உள்ள பங்கசுக்கள் முளையின் அடித்தண்டை அழுகச் செய்துவிடும்.

அடுத்து, பயிரை மாற்றுதல். தக்காளி, மிளகாய், கத்தரி, உருளைக்கிழங்கு நான்கும் ஒரே குடும்பத்தவை. ஒன்றின் நோய் மற்றொன்றுக்கும் வரும். சென்ற ஆண்டு தக்காளி நின்ற மண்ணில் இவ்வாண்டு மிளகாயை நடாதீர்கள். வெந்தயம், கொத்தமல்லி, கீரை, போஞ்சி ஆகியவற்றுக்கு அம்மண்ணைக் கொடுங்கள். போஞ்சியின் வேர்முடிச்சுகளில் வாழும் பற்றீரியாக்கள் வளியிலுள்ள நைதரசனைப் பிடித்துக் கொடுப்பவை. பல ஆண்டுகள் ஒரே சாடியில் நிற்க வேண்டிய கறிவேப்பிலைக்கு, இருவாட்டி மண் கலந்த ஜோன் இன்னெஸ் வகையே உகந்தது. அதிலுள்ள மண்ணும் மணலும் உக்கித் தீர்வனவல்ல.

எச்சரிக்கைகள்

எல்லாப் பழைய மண்ணையும் காப்பாற்ற வேண்டும் என்று நான் வாதிடவில்லை. வேரழுகல், வாடல் நோய், வைரசு நோய் ஆகியவற்றால் செடி மடிந்த சாடியின் மண்ணைக் காய்கறிக்கு மீண்டும் பயன்படுத்தலாகாது. கோவாக் குடும்பத்துச் செடிகளின் வேரில் வீக்கம் காணப்பட்ட மண்ணும் அத்தகையதே. அந்நோய் பல ஆண்டுகள் மண்ணில் உறங்கிக் கிடக்கும். இவ்வகை மண்ணை உங்கள் மாநகரசபை சொல்லும் முறைப்படி அகற்றுங்கள். பல சபைகள் தோட்டக் கழிவுத் தொட்டியில் மண்ணை ஏற்பதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

உடல்நலம் பற்றியும் ஒரு சொல். சாடி மண்ணில் லெஜியோனெல்லா லோங்பீச்சே என்னும் பற்றீரியா இருக்கக் கூடும். அரிதாயினும், அது தூசியோடு மூச்சில் கலந்தால் கடுமையான நிமோனியாவை உண்டாக்கும். 2013 இல் ஸ்கொட்லாந்தில் அவ்வாறு சிலர் நோயுற்றனர். ஆகவே பையை முகத்துக்கு நேரே பிரிக்கலாகாது. வேலையைத் திறந்த வெளியிற் செய்தல், மண்ணை ஈரமாக்கிக் கிளறுதல், கையுறை அணிதல், முடிந்ததும் சவர்க்காரமிட்டுக் கை கழுவுதல் ஆகியவற்றைப் பிள்ளைகளுக்கு முதலிலேயே பழக்க வேண்டும். முதியோரும் சுவாச நோயுள்ளோரும் முகக்கவசம் அணிவது நல்லது.

“நேரம் எங்கே இருக்கின்றது?”

பெற்றோர் சிலர் கூறும் மறுப்பு இது. இரண்டு வேலை செய்து களைத்து வருபவரிடம் மண்ணைக் கிளறுங்கள் என்பது எளிதன்று. அவர்கள் களைப்பை நான் அறிவேன். ஆறு சாடி மண்ணைப் புதுப்பிக்க ஒரு முற்பகல் போதும். கடைக்குச் சென்று, பை சுமந்து, பழையதை இறக்கி வைப்பதற்கும் அவ்வளவு நேரம் செல்கின்றது.

மற்றொரு மறுப்பு, “நாங்கள் இந்த வீட்டில் எவ்வளவு காலம் இருப்போமோ தெரியாது” என்பது. எம்முள் அகதியாக வந்தோர் பலர். வாடகை வீட்டில் வாழ்வோர் மேலும் பலர். நிலத்தில் நட்டதை விட்டுச் செல்ல வேண்டும். சாடியில் நட்டதைக் கொண்டு செல்லலாம். சாடித் தோட்டம் எமக்கு ஏற்றது என்பதற்கு அதுவே காரணம். வீடு மாறுமுன் சில நாட்கள் நீர் ஊற்றாது மண்ணை உலரவிட்டால் பாரம் பெரிதும் குறையும். வன்னியில் மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்த காலத்திலும் எமது மக்கள், தறப்பாள் கொட்டிலின் அருகே கிடைத்த மண்ணைத் திருத்தி நாலு மிளகாய்க் கன்று நட்டார்கள். அங்கு எத்தனை நாள் தங்குவோம் என்று அவர்களுக்கும் தெரிந்திருக்கவில்லை.

பாடசாலைக்கு ஒரு வேண்டுகோள்

எமது தமிழ்ப் பாடசாலை நிருவாகத்தினருக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோளை முன்வைக்கின்றேன். பங்குனி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றை மண் புதுப்பிக்கும் நாளாகக் கொள்வோம். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் நோயற்ற பழைய மண் ஒரு பை வரட்டும். கட்டிடத்தை எமக்கு வாடகைக்குத் தந்தோரின் அனுமதியுடன் முற்றத்தில் படங்குகளை விரிப்போம். சிறிய வகுப்புப் பிள்ளைகள் வேர் பொறுக்கட்டும். பெரியவர்கள் வாளியால் அளந்து கலக்கட்டும். தாத்தா பாட்டிமார் அருகில் இருந்து சொல்லிக் கொடுக்கட்டும். எரு, பசளை, குழை, களை, படங்கு, தறை, அரித்தல், தாழ்த்தல் ஆகிய சொற்களை அன்று கரும்பலகையில் எழுத வேண்டிய தேவை இராது. வேலை செய்யும் கைக்குச் சொல் தானே வந்து சேரும். ஊரில் ஆசிரியராக இருந்த காலத்தில் பாடசாலைத் தோட்டத்தில் நான் கண்ட உண்மை இது.

அந்நாளில் ஒவ்வொரு பிள்ளையும் புதுப்பித்த மண் நிறைந்த ஒரு சாடியை வீட்டுக்கு எடுத்துச் செல்லட்டும். அதில் வெந்தயம் விதைத்தால் ஒரு வாரத்துள் முளை காணலாம். சில வாரங்களில் கறிக்குக் கீரை ஆயலாம். பின்னர் அச்சாடி மண்ணை மறு பங்குனியில் மீண்டும் இங்கு கொண்டு வர வேண்டும். அதுவே அவர்களுக்கான வீட்டுவேலை.

பெற்றோர்களே, இவ்வாண்டு குப்பைத் தொட்டியருகே வைக்க எண்ணிய அந்தப் பையைச் சற்று நிறுத்தி வையுங்கள். பிள்ளையை அழைத்து அதனை அவிழ்த்துக் காட்டுங்கள். மற்றவற்றை இருவரும் சேர்ந்தே செய்யலாம்.